குறை வண்டியில் இல்லை

நான் வேலை பார்த்த தேனி சர்வீஸ் ஸ்டேஷனில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. ஒரு காரில் இல்லாத லீவரைத் தேடி நான் அந்தக் காரையே பிரித்துப் போட்டுவிட்டேன் என்பது கதை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் இப்போது அங்கே வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் இரண்டு பேர் என் எதிரில் உட்கார்ந்தார்கள். ஒருவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "முருகேசண்ணே, பெட்ரோல் டேங்கக்கூட எறக்கி உள்ள பாத்தீகளாம்ல, நெசமா?" என்று கேட்டார்.

டேங்குக்குள் லீவர் தேடும் அளவுக்கு நான் மடையன் இல்லை. நான் கழற்றியது நடுவில் இருந்த கன்சோல், தரை விரிப்பு, டிரைவர் சீட்டு, அவ்வளவுதான். அதற்கும் தக்க காரணம் இருந்தது. இதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. அந்தக் காரைப் பொறுத்தவரை நான் உண்மையில் வெட்கப்பட வேண்டிய சங்கதி வேறு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேறு யாராவது கண், காது, மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுவது நல்லது.

நான் தொழில் பழகியது கம்பத்தில் ஒரு ஜீப் ஷெட்டில். அங்கே எத்தனை வருஷம் இருந்தேன், எத்தனை உதை வாங்கினேன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகள்தான் எங்களுக்குப் படியளந்தன. அந்த ஜீப்புகளில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் இருக்கும். சேற்றில் மாட்டினால் அதை இழுக்க வேண்டும், நான்கு சக்கரமும் இழுக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் விடுவிக்க வேண்டும். ஃபோர் வீல் என்றால் எங்களுக்கு அந்த லீவர்தான். லீவர் இல்லாத ஃபோர் வீல் என்று யாராவது சொல்லியிருந்தால், சாயங்காலத்துக்கு முன்னாலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்திருப்போம்.

1996இல் தேனிக்கு வந்தேன். வெள்ளைச் சட்டைக்காரர்கள் கண்ணாடி அறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே வண்டிக்குக் காத்திருக்கும் பெரிய சர்வீஸ் ஸ்டேஷன் அது. பழைய ஃபோர்மேன் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நான் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். வந்தவர் மீரான் பாய். உத்தமபாளையத்துக்காரர், டிப்ளமோ படித்தவர், என்னைவிட எட்டு வயது இளையவர். முதல் நாளே என்னை "அண்ணே" என்று கூப்பிட்டார். அதனால் அவர் மேல் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

பாய் யாரையும் திட்ட மாட்டார். அதைவிட மோசமான ஒரு பழக்கம் அவருக்கு இருந்தது. ஒரு வேலையைத் தொடுவதற்கு முன்னால் அதை வாயால் செய்து காட்டச் சொல்வார். ஸ்பேனரை எடுக்கிறேன் என்பதிலிருந்து கையைத் துடைக்கிறேன் என்பதுவரை ஒன்று விடாமல் அவர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்பார். எங்காவது ஒரு படி விட்டுப்போனால் "ம்" என்பார். எது விட்டுப்போனது என்று சொல்ல மாட்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல், ஊரெல்லாம் மெக்கானிக் முருகேசன் என்று பெயர் வாங்கிய நான், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தேன்.

"வண்டிய லிஃப்ட்ல ஏத்துறேன் பாய். நாலு வீலும் தரைய விட்டு எந்திரிச்சிருச்சு. பின்னாடி டிஃபரன்சியல் ஆயில் மாத்தணும். அடிப் போல்ட்டக் கழத்தி ஆயில எறக்குறேன்."

"ம்."

"வண்டிய லிஃப்ட்ல ஏத்துறேன் பாய். நாலு வீலும் எந்திரிச்சிருச்சு. ஆயில் சூடா இருக்கான்னு பாக்குறேன். அடியில பாத்திரம் வைக்கிறேன். அடிப் போல்ட்டக் கழத்துறேன்."

"ம்."

ஐந்தாவது தடவையில் எனக்கே அழுகை வந்துவிட்டது. பிறகுதான் அவராகச் சொன்னார். "அண்ணே, எறக்குற போல்ட்டு எப்பவும் கழண்டுரும். ஊத்துற போல்ட்டு கழறலைன்னா என்ன செய்வீக? மொதல்ல ஊத்துற வழியத் தொறங்க. அப்புறம் எறக்குங்க."

இதை அலட்சியமாகக் கேட்டுக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு வண்டிக்கு என் இஷ்டப்படி அடிப் போல்ட்டை முதலில் கழற்றினேன். ஆயில் அழகாக இறங்கியது. மேல் போல்ட் துருப்பிடித்து அசைய மறுத்தது. அடித்தேன், சூடு காட்டினேன், குலசாமியைக் கூப்பிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. வண்டிக்காரர் கண்ணாடி அறையில் இரண்டாவது காபியில் இருந்தார். கடைசியில் அந்த டிஃபரன்சியல், அதாவது பின் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டி, மூச்சு விடுவதற்காக வைத்திருக்கும் சின்ன ரப்பர் குழாயில், மெடிக்கலில் வாங்கிய ஊசிக்குழாயை வைத்து, பச்சைப் பிள்ளைக்குப் பாலாடையில் புகட்டுவதுபோல் மத்தியானம் முழுக்க ஆயில் புகட்டினேன். பாய் வந்து பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆயில் டப்பாவைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

இப்போது அந்த வண்டிக்கு வருகிறேன்.

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த தங்கவேல் என்பவர் குடும்பத்தோடு போய்வர வாங்கிய பெரிய கார் அது. அவருடைய மனைவி மகேஸ்வரிக்குக் கம்பம்மெட்டுக்கு மேலே பிறந்த வீட்டில் கொடுத்த ஏலக்காடு இருந்தது. மழைக்காலத்தில் அந்த மண் பாதையில் ஏறுவதற்காகவே நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். முதல் சர்வீசுக்கு வந்தபோது நான் உள்ளே ஏறிக் குட்டி லீவரைத் தேடினேன். இல்லை. கன்சோலுக்குள் மடக்கி வைத்திருப்பார்கள் என்று அதைக் கழற்றினேன். விரிப்பைத் தூக்கினேன். சீட்டையும் கழற்றினேன். பிறகு வெளியே வந்து, "மொதலாளி, கம்பெனிக்காரன் லீவர் வைக்க மறந்துட்டான். எழுதிப் போடுங்க, அனுப்பி வைப்பான்" என்று தெளிவாகச் சொன்னேன். அவரும் எழுதிப் போடுவதற்குக் கம்பெனி விலாசம் கேட்டார்.

பாய் வந்து என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார். இந்த வண்டியை முன் சக்கரங்கள்தான் இழுக்கும். பின்பக்கம் போகிற தண்டின் முடிவில், பின் டிஃபரன்சியலோடு சேர்ந்து, எண்ணெய் நிரம்பிய ஒரு கப்ளிங் இருக்கிறது. முன் சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினால், முன்னுக்கும் பின்னுக்கும் சுற்று வித்தியாசப்படும். உடனே கப்ளிங் தானாக இறுகிப் பின் சக்கரத்தையும் இழுக்க வைக்கும். ஓட்டுகிறவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இவ்வளவும் கேட்டுவிட்டு, "சரி பாய், லீவர் எங்க?" என்று கேட்டேன். "ம்" என்றார்.

இரண்டு மூன்று வருஷம் அந்த வண்டி ஒழுங்காக வந்து போனது. தங்கவேலுக்குக் கார் ஓட்டத் தெரியாது. டிரைவர் இருந்தார். அவர் துபாய்க்குப் போனதும் மகேஸ்வரி ஒருவரிடமும் சொல்லாமல் கம்பத்தில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்துவந்து சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். தங்கவேல் இடது சீட்டில் உட்கார்ந்து வாயால் ஓட்டினார். "பிரேக்கு, பிரேக்கு" என்று அவர் கத்துவது வண்டி கேட்டுக்குள் நுழையும் முன்பே எங்களுக்குக் கேட்கும்.

ஆறு மாதம் கழித்து ஒரு புகாரோடு வந்தார்கள். ஒடித்துத் திருப்பினால் வண்டி குதிக்கிறது, பின்னால் டொம் டொம் என்று சத்தம் வருகிறது என்பது புகார்.

"இவ வளைக்கிற வளைப்புல வண்டிக்கு இடுப்பு ஒடிஞ்சிருச்சுங்க. டிரைவர் இருந்தப்ப ஒரு சத்தம் கெடையாது" என்றார் தங்கவேல்.

"அண்ணே, நேராப் போனா ஒண்ணுமில்ல" என்றார் மகேஸ்வரி என்னிடம். "காட்டுல இருந்து எறங்கி வந்து, வீட்டு கேட்டுக்குள்ள ஒடிச்சுத் திருப்புவேன்ல, அங்கனதேன் இடிக்குது."

பின் சீட்டில் திராட்சைக் கூடையோடு அவருடைய மாமியார் இருந்தார். தேனியில் சாமான் வாங்குவதற்காக எல்லா சர்வீசுக்கும் கூடவே வருவார். "எம்புட்டுப் பெரிய சத்தம் தெரியுமாய்யா? யாரோ எம் முதுகுல மிதிச்சாப்ல இருக்கு. மடியில இருந்த பழம் பூராம் கொட்டிப்போச்சு" என்றார்.

வண்டி வரிசையில் நின்றது. என் முறை வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. மதுரை ரோட்டில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். நூல் பிடித்ததுபோல் போயிற்று. வந்து அடியில் எல்லாப் போல்ட்டையும் முடுக்கிவிட்டு, ஜாப் கார்டில் ஒவ்வொரு வரிக்கும் டிக் அடித்தேன். பிரேக் நன்று, டயர் நன்று, சஸ்பென்ஷன் நன்று. கடைசியில் குறிப்பு என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: வண்டியில் குறை இல்லை. ஓட்டுபவர் கைப்பழக்கம்.

தங்கவேல் அதைச் சத்தமாக வாசித்தார். அவருக்கு அன்றைக்குத் தீபாவளி.

அடுத்த மாதமே மறுபடி வந்தார்கள். இப்போது பின் பம்பரில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தது. முன்னால் கட்டுவதுதான் வழக்கம். சத்தம் பின்னால் வருகிறது என்பதால் அங்கே கட்டியதாகத் தங்கவேல் விளக்கினார். நான் கிரீஸ் அடித்தேன், மறுபடியும் மதுரை ரோட்டில் நேராகப் போய் நேராக வந்தேன், மறுபடியும் அதே வரியை எழுதினேன். இந்தத் தடவை அதன் கீழ் கோடும் போட்டேன். மகேஸ்வரி கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வண்டியில் ஏறினார். எனக்கு என்னவோபோல் இருந்தது. ஆனாலும் நான் எழுதியது சரி என்றுதான் நினைத்தேன். பெண்பிள்ளை ஓட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று டீக்கடையில் சொல்லியும் வைத்தேன்.

மூன்றாவது தடவை வந்தபோது தங்கவேல் இறங்கி நேராகக் கண்ணாடி அறைக்குப் போய்விட்டார். மகேஸ்வரி என்னிடம் வந்தார்.

"அண்ணே, ஒங்க கார்ட வச்சு இவுக வீட்ல பஞ்சாயத்தே முடிச்சுட்டாக. இன்னைக்கும் கொற இல்லைன்னு எழுதுனீகன்னா சாவி எங்கிட்ட இருக்காது. இவுக அக்கா மகன டிரைவராப் போடப்போறாக. எங்க அய்யா எனக்குக் குடுத்த காட்டுக்கு, ஒவ்வொரு தடவையும் அவன்கிட்டக் கேட்டுத்தேன் நான் போகணும். அது போதும்னா எழுதுங்க."

நான் எழுதிய ஒரு வரி சுருளிப்பட்டிவரை போய் ஒருவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பாயிடம் போய், "இத நீங்க பாருங்க பாய்" என்றேன். இருபது வருஷத் தொழிலில் ஒரு வண்டியை இன்னொருவர் கையில் நானாகக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பாய் வண்டியைத் தொடவில்லை. நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கார் சீட்டுகள்போல முன்னால் இரண்டு, பின்னால் இரண்டாகப் போடச் சொன்னார். கண்ணாடி அறையிலிருந்த தங்கவேலையும் கூப்பிட்டுக் குடும்பத்தை உட்கார வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "அம்மா, நீங்க ஓட்டுறத வாயால செஞ்சு காட்டுங்க" என்றார்.

மகேஸ்வரி ஒரு கணம் விழித்தார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்தார். "காட்டுல இருந்து கெளம்புறேன். மண்ணு ரோடு. தார் ரோட்டுக்கு வாரேன். மெட்டு எறங்குறேன், செகண்டு கியருல."

"தேர்டுல எறங்குனா" என்றார் தங்கவேல்.

"ம்" என்றார் பாய். இது தங்கவேலுக்கு. ஆனால் மகேஸ்வரி தனக்கென்று நினைத்து, மறுபடி காட்டிலிருந்து கிளம்பினார். கம்பம் வந்தது, சுருளிப்பட்டி வந்தது, வீட்டு கேட் வந்தது. கைகள் முழுதாக வலது பக்கம் சுற்றின.

"டொம்!" என்றார் மாமியார் பின்னாலிருந்து. சரியான நேரத்தில், சரியான இடத்தில். பக்கத்து லிஃப்டில் வேலை பார்த்தவன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டான்.

பாய் சிரிக்கவில்லை. "மொதலாளி, இப்ப நீங்க. வண்டி வாங்குன நாள்ல இருந்து அதுக்கு என்னென்ன செஞ்சீக, வாயால சொல்லுங்க."

"நான் என்னத்தச் செஞ்சேன்? பெட்ரோல் போட்டேன், கழுவுனேன். ஒரு சாமான் மாத்தல."

"ம்."

"ஏலே, வருசா வருசம் ஆயுத பூசைக்கு டயரு வாங்குறியே, அது யாரு மாத்துனது?" என்றார் மாமியார்.

"ஆத்தா, அது ரிப்பேரா? அது மொற" என்று தங்கவேல் சிரித்தார். பிறகு பெருமையாகவே விளக்கினார். "தீவாளிக்கு வீட்ல எல்லாருக்கும் ஒரு உருப்படி புதுசு எடுக்கோம்ல? வண்டி வீட்டு ஆளு இல்லியா? அதுக்கு ஆயுத பூசையன்னைக்கு ஒரு புது டயரு. வீட்ட விட்டுப் போறப்ப வலது கால எடுத்து வைக்கோம்ல, அதே மாதிரி புதுச வலது முன்னாடிதேன் மாட்டணும். போன வருசத்துது எடது முன்னாடி போகும். அதுக்கு முந்துனது பின்னாடி போகும். ரெம்பத் தேஞ்சது ஸ்டெப்னியாயிரும். சந்தனம், குங்குமமெல்லாம் உண்டு."

பாய் இந்தத் தடவை "ம்" சொல்லவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. ஒரு சாக்பீஸ் எடுத்து வரச் சொன்னார்.

இதை விவரமாகச் சொல்ல வேண்டும், இப்போதிருப்பவர்களுக்கும் உதவும். முதலில் நான்கு டயரிலும் காற்றை ஒரே அளவுக்கு வைத்தோம். டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சேர்த்து ஒரு கோடு. வண்டியை நியூட்ரலில் வைத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டயரில் போட்ட கோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி தரைக்கு வரும்வரை தள்ளினோம். அங்கே தரையில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் டேப் வைத்து அளந்தோம். இப்படியே நான்கு சக்கரத்துக்கும் செய்தோம். வலது முன் சக்கரம்தான் எல்லாவற்றிலும் நீளமாக நடந்தது. பின் சக்கரங்கள் ஒரு சுற்றுக்கு அதைவிட இரண்டு விரற்கடை குறைவாக நடந்தன. மூன்று வருஷத்தில் மூன்று கம்பெனி டயர், மூன்று தேய்மானம். எல்லாவற்றுக்கும் மேலே தங்கவேல் வாரா வாரம் பூசிய கறுப்புப் பாலிஷ். நான்கும் புதுசுபோல் மின்னின. நான் அந்த மினுமினுப்பைப் பார்த்துத்தான் "டயர் நன்று" என்று இரண்டு தடவை டிக் அடித்திருந்தேன்.

"முன்னாடி ரெண்டு பேரும் நடக்காக, பின்னாடி ரெண்டு பேரும் ஓடுறாக" என்றார் பாய். முன்னுக்கும் பின்னுக்கும் ஓயாமல் சுற்று வித்தியாசம். டிரைவர் காலத்தில் சிறிதாக இருந்தது, டயருக்கு டயர் ஏறி இப்போது பெரிதாகிவிட்டது. கப்ளிங்குக்குக் கண்ணா இருக்கிறது? வண்டி எப்போதும் சேற்றில் மாட்டியிருக்கிறது என்று நினைத்து, தார் ரோட்டிலும் இறுகிக்கொண்டே இருக்கிறது. தூரம் போகப் போகச் சூடாகிறது. சூடான பிறகு ஒடித்துத் திருப்பினால் முரண்டு பிடித்து உதைக்கிறது. நான் ஓட்டிப் பார்த்ததெல்லாம் ஆறிப்போன வண்டியை, நேர் ரோட்டில்.

குட்டி லீவரைப் போட்டபடி தார் ரோட்டில் திரும்புகிற ஜீப் இப்படித்தான் உதைக்கும். கம்பம் ஷெட்டில் சேர்ந்த முதல் மாதமே எனக்குத் தெரிந்த விஷயம் அது. லீவர் இல்லையே என்பதால் மூளையும் அதோடு போய்விட்டது.

தங்கவேல் ஒப்புக்கொள்ளவில்லை. "டயரு புதுசா இருந்தா கெட்டதாய்யா? இந்தா, முருகேசன் ஓட்டட்டும். சத்தம் வருதான்னு பாப்போம். இவ ஓட்டுனாத்தேன் வரும்."

பாய் என்னைப் பார்த்தார். "சின்னமனூர் வரைக்கும் போயிட்டு வாங்கண்ணே. நிறுத்தாம வந்து, இந்த முத்தத்துல முழுசா ஒடிச்சு வட்டம் போடுங்க."

போய்த் திரும்பினேன். தங்கவேல் இடது சீட்டில், மாமியார் கூடையோடு பின் சீட்டில். சர்வீஸ் ஸ்டேஷன் வெளி முழுக்க ஆட்கள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். ஸ்டியரிங்கை முழுதாக வலது பக்கம் ஒடித்தேன். கால் வட்டம் வரை ஒன்றுமில்லை, மனசுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. பிறகு உதைத்தது பாருங்கள், என் பல்லெல்லாம் ஒன்றோடொன்று மோதின. டொம், டொம், டொம். மெல்லப் போனாலும் டொம். திராட்சை என் தோள்மேல் வந்து விழுந்தது.

"ஏய்யா, ஒங்களுக்கும் கைப்பழக்கம் சரியில்லையோ?" என்றார் மாமியார்.

வெளியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். கண்ணாடி அறையில் காபி குடித்தவர்களும் சிரித்தார்கள். நான் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை. எனக்கு அது வேண்டியதுதான் என்பதும் உள்ளே தெரிந்தது.

வண்டி எங்களிடம் இரண்டு நாள் இருந்தது. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே நாளில் வந்த நான்கு டயர்கள். பின் டிஃபரன்சியல் ஆயிலை மாற்றினேன். ஊற்றுகிற போல்ட்டைத்தான் முதலில் கழற்றினேன். இறங்கிய ஆயில் கறுத்து, கருகிய வாடை அடித்தது. கப்ளிங் பிழைத்துக்கொண்டது, இன்னும் இரண்டு ஆயுத பூஜை தாங்கியிருக்காது என்று பாய் சொன்னார். இனி வருஷத்துக்கு ஒரு டயர் கூடாது, மாற்றினால் நான்கையும் சேர்த்துத்தான் என்று தங்கவேலிடம் நானே சொன்னேன். "அப்ப பூசைக்கு வண்டிக்கு என்னய்யா எடுக்கிறது?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். வைப்பர் பிளேடு எடுக்கச் சொன்னேன். இரண்டு கையிலும் புதுசு மாட்டலாம், வலது இடது பிரச்சினை இல்லை. அவருக்கு அது பிடித்துப்போயிற்று.

வண்டி எடுக்க வந்த அன்று ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளரை டெஸ்ட் ஓட்டப் பாய் விடவே மாட்டார். அன்றைக்குச் சாவியை மகேஸ்வரியிடம் நீட்டிவிட்டு, தானே போய்ப் பின் சீட்டில் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நானும் அந்தப் பக்கம் நெருக்கிக்கொண்டேன். சின்னமனூர் போய்த் திரும்பினோம். தங்கவேல் பழக்கதோஷத்தில் இரண்டு தடவை "பிரேக்கு" என்றார். முற்றத்துக்குள் வந்ததும் மகேஸ்வரி ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தார்.

ஒரு வட்டம் முடிந்தது, சத்தமில்லை. இரண்டாவது வட்டம். இடது பக்கம் ஒடித்து மூன்றாவது, நான்காவது. மாமியார் வாயைக் குவித்து டொம்முக்குத் தயாராகவே இருந்தார், அது வரவில்லை. ஏழாவது வட்டத்தில் தங்கவேல், "போதும் தாயி, எனக்குக் கெறக்கமா வருது" என்றார். மகேஸ்வரி இன்னும் மூன்று போட்டுவிட்டுத்தான் நிறுத்தினார்.

நான் இறங்கிப் போய் அவர் பக்கத்துக் கண்ணாடிக்கு அருகில் நின்றேன். "அம்மா, ஏந் தப்பு. ரெண்டு தடவ பாக்காம எழுதிப்புட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன். அவ்வளவு பேருக்கு முன்னால் அதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை.

"மன்னிப்பெல்லாம் எதுக்குண்ணே" என்றார் அவர். "அத எழுதித்தேன குடுத்தீக? இதயும் எழுதிக் குடுங்க."

புதுக் கார்டு ஒன்றை எடுத்து பானெட்டின் மேல் வைத்து எழுதினேன். பாய் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். குறை வண்டியில் இருந்தது. ஓட்டியவர் மேல் தவறு இல்லை. முன்பு எழுதிய இரண்டும் தவறு. கீழே என் கையெழுத்துப் போட்டேன். பாய் "ம்" சொல்லிவிடுவாரோ என்று காத்திருந்தேன். அவர் பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.

மகேஸ்வரி கார்டை இரண்டு தடவை படித்தார். நான்காக மடித்தார். தன் பையில் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். இறங்கிச் சுற்றி வந்து, தங்கவேலின் சட்டைப் பையில் அதை வைத்து மேலே ஒரு தட்டுத் தட்டினார்.

"இது ஒங்ககிட்டயே இருக்கட்டும். எனக்குத்தேன் முன்னாடியே தெரியுமே."

தங்கவேல் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். வண்டி கேட்டைத் தாண்டி ரோட்டில் திரும்பும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம். "பிரேக்கு" என்ற சத்தம் கேட்கவில்லை.